கணவாய்க் காற்றுக்கு ஏற்ற ஏசி: கைட்லைன் 36 இயக்க வரிசையை நம் கட்டடத்தில் அமைக்கும் முறை

வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கஞ்சிக்கோடு வரை தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டி எழுந்துள்ள அலுவலகங்களிலும் ஆய்வகங்களிலும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்பு, ஏ.எச்.யூ. (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டி) முதலியவை பெரும்பாலும் நல்ல தரத்திலேயே வாங்கப்படுகின்றன. அவற்றை எப்போது, எவ்வளவு வேகத்தில், எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் தர்க்கம்தான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. டெண்டரில் 'பி.எம்.எஸ். மூலம் தானியங்கிக் கட்டுப்பாடு' என்று ஒற்றை வரி இருக்கும் (பி.எம்.எஸ். என்பது கட்டடக் கருவிகளைக் கணினி வழியே இயக்கும் அமைப்பு). அந்த வரியைப் புரோகிராமாக மாற்றும் பொறுப்பு, வேலை முடியும் தறுவாயில், முந்தைய கட்டடத்தின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் ஒரு இளம் பொறியாளரின் தலையில் விழுகிறது. மின்கட்டணம் ஏறுவதும், ஒரு அறையில் நடுக்கமும் பக்கத்து அறையில் புழுக்கமும் இருப்பதும், மழைக்காலத்தில் சீலிங் ஓரம் பூஞ்சை பிடிப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதற்கு மாற்றாக, பலமுறை சோதித்துப் பொதுவாக எழுதி வைக்கப்பட்ட இயக்க வரிசைகள் உள்ளன. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட குளிர்சாதனப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரே, கைட்லைன் 36 என்ற பெயரில் அவற்றை 2018-இல் முதன்முதலாக வெளியிட்டது. அந்தப் பதிப்பு ஏ.எச்.யூ., வி.ஏ.வி. பாக்ஸ் (அறைக்குப் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) ஆகிய காற்றுப் பகுதிகளோடு நின்றது. 2021 பதிப்பில் குளிர்நீர், வெந்நீர் பிளான்டுகளும் சேர்க்கப்பட்டன. 2024-இல் அடுத்த பதிப்பு வந்தது. இது வழிகாட்டி மட்டுமே என்பதால் தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால்தான் ஒப்பந்ததாரரைப் பிடிக்கும்.

இக்கட்டுரை, மையச் சில்லரும் வி.ஏ.வி. பாக்ஸ்களும் உள்ள நடுத்தர அலுவலகக் கட்டடத்தை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. ஸ்பிளிட் ஏசி, வி.ஆர்.எஃப். (ஒரு வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்டுகளை இணைக்கும் ஏசி) ஆகியவை மட்டும் உள்ள இடங்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை. கைட்லைனை அப்படியே ஒட்டினால் பயனற்ற பகுதிகளும் உடன் வந்து சேரும். 'நம் ஊருக்கு ஏற்றபடி' என்று கைபோன போக்கில் திருத்தினால் அதைவிடப் பெரிய கேடு வரும். எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைப் பாலக்காட்டுக் கணவாயின் ஈரக்காற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது

கைட்லைனின் மூன்றாம் பிரிவு, கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் விவரங்களை யார் தர வேண்டும் என்று பிரித்துச் சொல்கிறது. வடிவமைப்பாளர் தர வேண்டியவை ஒருபுறம். காற்றையும் நீரையும் அளந்து சமன் செய்யும் டி.ஏ.பி. குழு களத்தில் கண்டறிய வேண்டியவை இன்னொருபுறம். கன்ட்ரோல் ஒப்பந்ததாரர் முடிவு செய்ய வேண்டியவை மற்றொருபுறம். நான்காம் பிரிவு சென்சார்கள், டேம்பர்கள் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகள்) ஆகியவற்றின் பட்டியல். ஐந்தாம் பிரிவில்தான் இயக்க வரிசைகள் உள்ளன. பலர் நேராக ஐந்தாம் பிரிவுக்குத் தாவிவிடுகிறார்கள். மூன்றாம் பிரிவில் கோடிட்ட இடங்கள் காலியாக இருந்தால் ஐந்தாம் பிரிவின் தர்க்கத்துக்கு வேலை செய்ய எண்களே இல்லாமல் போகும். புரோகிராமர் தமக்குத் தோன்றிய எண்ணைப் போட்டுவிடுவார், அது எங்கே இருக்கிறது என்பதும் பிறகு யாருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பாக்ஸுக்கும் உச்சக் காற்றளவு, குறைந்தபட்சக் காற்றளவு, அறையின் பரப்பு, ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்ட அட்டவணையைத் தயாரித்து, வடிவமைப்பாளரின் கையெழுத்தோடு ஒப்பந்தத்தில் இணைத்துவிடுங்கள்.

அடுத்தது நீக்கும் வேலை. நம் பகுதியில் ஹீட்டிங் காயில் (காற்றைச் சூடாக்கும் குழாய்ச் சுருள்) கிடையாது. ரீஹீட்டும் (குளிர்ந்த காற்றை அறைக்கு விடும் முன் மீண்டும் சூடாக்குவது) பெரும்பாலும் கிடையாது. அவற்றுக்கான பத்திகளையும் விளக்கக் குறிப்புகளையும் எடுத்துவிட வேண்டும். கைட்லைனே அப்படி வெட்டி எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதப்பட்டதுதான். வெளிக்காற்றைக் கொண்டே குளிர்விக்கும் எகானமைசரையும் இங்கே நான் நீக்கிவிடவே சொல்வேன். மிகு வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மண்டலங்களில் ஆஷ்ரேயின் ஆற்றல் சிக்கனத் தரநிலையான 90.1-ஏ அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. கோவைப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் வெளிக்காற்று குளிர்ச்சியாக இருப்பது உண்மைதான். அலுவலகம் இயங்கும் பகல் நேரத்தில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. பெரிய டேம்பர் ஒன்று சரியாக மூடாமல் ஆண்டு முழுவதும் ஈரக்காற்றைக் கசியவிடும் அபாயம்தான் மிஞ்சும்.

சப்ளை காற்றின் வெப்பநிலை

இந்த ஒரு செட்பாயின்ட்டில் (கன்ட்ரோலர் எட்ட வேண்டிய இலக்கு மதிப்பில்) கவனம் தவறினால் மற்ற எல்லா உழைப்பும் வீணாகும் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கைட்லைனின் வரிசைப்படி, ஏ.எச்.யூ.விலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்பதில்லை. தேவை குறைந்தால் மெல்ல உயரும். அது எவ்வளவு உயரலாம் என்பதை வெளிவெப்பநிலை கட்டுப்படுத்துகிறது. வெளியே 16 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அறைகளின் தேவைக்கேற்ப மேல்வரம்பு வரை உயரலாம்; வெளியே 21 டிகிரியை எட்டினால், தேவை குறைவாக இருந்தாலும், சப்ளை காற்று கீழ்வரம்பான சுமார் 12 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். இந்த இரண்டு எண்களும் கைட்லைனில் தரப்பட்டுள்ள வழக்கமான மதிப்புகள்.

பாலக்காட்டில் அலுவலக நேரத்தில் வெளிவெப்பநிலை 21 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியானால் செட்பாயின்ட்டை இப்படி நகர்த்தும் இந்த ரீசெட் இங்கே ஆண்டு முழுவதும் உறங்கிக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கும் புத்திசாலிகள் சிலர், 'நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி' 16-ஐயும் 21-ஐயும் 24, 30 என்று மாற்றிவிடுகிறார்கள். திரையில் செட்பாயின்ட் அசையத் தொடங்கும், சில்லரின் கிலோவாட்டும் கொஞ்சம் குறையும், எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஆனி மாத மழைநாள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வெளியே 25 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். அந்தக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறத்தாழ 23 டிகிரி. மாற்றப்பட்ட எண்களின்படி கன்ட்ரோலர் இதைக் 'குளிர்ந்த நாள்' என்று எடுத்துக்கொண்டு சப்ளை காற்றை 16 டிகிரிக்கு உயர்த்திவிடும். காயிலைவிட்டு 16 டிகிரியில் நிறைஈரத்தோடு வரும் காற்று, 24 டிகிரி அறையில் கலந்ததும் ஈரப்பதம் சுமார் 61 சதவீதமாக இருக்கும். அதன்மேல் ஆட்களின் மூச்சும் வியர்வையும் கதவிடுக்கில் நுழையும் ஈரமும் சேர வேண்டும். அதே காற்று 12 டிகிரியில் வந்திருந்தால் 47 சதவீதத்தில்தான் தொடங்கியிருக்கும். ஆண்டிலேயே ஈரத்தை அதிகமாகப் பிழிந்தெடுக்க வேண்டிய நாளில் பிழிவதை நிறுத்திவிட்டோம் என்பதுதான் இதன் பொருள். ஆஷ்ரேயின் காற்றோட்டத் தரநிலையான 62.1, அதன் 2019 பதிப்பிலிருந்து, இயந்திரத்தால் குளிர்விக்கப்படும் கட்டடத்தின் உட்காற்றின் பனிநிலை 15 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மேலே சொன்ன 16 டிகிரி சப்ளை, அறைக்குள் நுழையும் முன்பே அந்த வரம்பை மீறிவிடுகிறது.

சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஆபரேட்டர்கள், "சார், வெளிய மழை, சில்லுன்னு இருக்கு, சப்ளைய பதினேழுக்கு ஏத்தி விட்டுரட்டுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை. உடம்புக்குத் தெரிவது வெப்பநிலை. ஈரம் தெரிவதற்கு நேரமாகும். அதனால்தான் விடை தர்க்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 16-ஐயும் 21-ஐயும் தொடாதீர்கள். மேல்வரம்பை, ஈரமான பகுதிகளுக்குக் கைட்லைன் சொல்லும் 16 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். ரிட்டர்ன் காற்றில் ஈரப்பதச் சென்சார் ஒன்றைப் பொருத்தி, கணக்கிட்ட பனிநிலை 15 டிகிரியை நெருங்கினால் சப்ளை வெப்பநிலையைக் கீழ்வரம்பிலேயே பூட்டிவிடும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவே நான் சிபாரிசு செய்யும் ஒரே பெரிய சேர்க்கை.

ஃபேனில் கிடைக்கும் சேமிப்பு

சப்ளை வெப்பநிலையில் சேமிக்க முடியாது என்றால் எங்கே சேமிப்பது? ஃபேனில். சுழற்சி வேகம் 80 சதவீதமாகக் குறைந்தால், ஃபேன் விதிகளின்படி மின்தேவை ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் டக்ட்டின் (காற்றுக் குழாயின்) நிலையழுத்தச் செட்பாயின்ட் ஒரே இடத்தில் ஆணியடித்ததுபோல் நின்றால் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்காது. பாக்ஸ் டேம்பர்கள் பாதி மூடிக்கொண்டு அழுத்தத்தை எதிர்த்து நிற்க, ஃபேன் வீணாக உழைக்கும்.

கைட்லைனின் விடை, 'டிரிம் அண்டு ரெஸ்பாண்ட்' எனப்படும் முறை. யாரும் கேட்காதபோது செட்பாயின்ட் சிறிது சிறிதாக இறங்கும்; பாக்ஸ்கள் கூடுதல் அழுத்தம் கேட்கும்போது (இதுவே 'கோரிக்கை') ஏறும். வழக்கமான எண்கள் இவை: தொடக்கம் 120 பாஸ்கல், கீழ்வரம்பு 25 பாஸ்கல், மேல்வரம்பு டி.ஏ.பி. குழு அளந்து தரும் மதிப்பு. ஃபேன் தொடங்கி 10 நிமிடம் பொறுத்திருந்து, பிறகு 2 நிமிடத்துக்கு ஒருமுறை 12 பாஸ்கல் குறையும். கோரிக்கைகளில் முதல் இரண்டு கணக்கில் வராது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும் 15 பாஸ்கல் கூடும், ஒரு சுற்றில் அதிகபட்சம் 32. பாக்ஸ் டேம்பர் 95 சதவீதத்துக்கு மேல் திறந்தால் ஒரு கோரிக்கை. அது 85-க்குக் கீழே வரும்வரை கோரிக்கை நீடிக்கும். டேம்பர் முழுதாகத் திறந்தும் ஒரு நிமிடமாகத் தேவையான காற்றில் 70 சதவீதம்கூட வரவில்லை என்றால் இரண்டு, 50 சதவீதம்கூட வரவில்லை என்றால் மூன்று.

ஒரு சுற்றை மட்டும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான்கு கோரிக்கைகள் வந்தால் இரண்டைக் கழித்து மீதி இரண்டுக்கு 30 பாஸ்கல் ஏற்றம், வழக்கமான இறக்கம் 12, ஆக நிகரம் 18. ஐந்து வந்தால் 45 என்று கணக்கு வந்தாலும் 32-இல் நின்று, நிகரம் 20. ஒன்றுமே வராவிட்டால் 120-இலிருந்து 25-க்கு எட்டுச் சுற்றுகளில், அதாவது 16 நிமிடங்களில் இறங்கிவிடும். பி.எம்.எஸ். வரைபடத்தில் இந்த வேகத்தில் இறக்கம் தெரியவில்லை என்றால் புரோகிராம் தவறு என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

எண்கள் அனைத்தும் பேனலில் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். ஒரு ஏ.எச்.யூ.வின் கீழ் நான்கைந்து பாக்ஸ்கள் மட்டுமே இருந்தால் இரண்டு கோரிக்கைகளைப் புறக்கணிப்பது அதிகம், ஒன்று போதும்.

இந்த முறையைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு அறைதான். மேற்கு மூலையில் கண்ணாடிச் சுவரோடு உள்ள மேலாளர் அறை, அல்லது பின்னாளில் சர்வர் வைக்கப்பட்ட சிறு அறை, நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். கைட்லைன் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பாக்ஸும் எவ்வளவு நேரம் கோரிக்கை விடுத்தது என்பதைக் கூட்டி, மொத்தம் 40 கோரிக்கை-மணிநேரத்தையும், இயங்கிய நேரத்தில் 70 சதவீதத்தையும் தாண்டினால் அலாரம் தரும். அலாரம் வந்ததும் ஃபிளெக்ஸிபிள் டக்ட் மடங்கியிருக்கிறதா, தெர்மோஸ்டாட் காபி மெஷினுக்கு மேல் இருக்கிறதா, யாராவது செட்பாயின்ட்டை 18-க்கு இறக்கினார்களா என்று போய்ப் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யும்வரை அந்த அறையின் முக்கியத்துவப் பெருக்கியை (அதன் கோரிக்கைகளைப் பெருக்கும் எண்ணை) சுழியமாக்கினால் அதன் கோரிக்கை கணக்கில் வராது. சரிசெய்த பிறகு மறக்காமல் 1-க்குத் திருப்புங்கள்.

பாக்ஸின் குறைந்தபட்சக் காற்றும் வெளிக்காற்றும்

ரீஹீட் இல்லாத நம் கட்டடங்களில், ஆள் குறைந்த அறைகள் குளிர்ந்து நடுங்குவதற்குக் காரணம், பாக்ஸின் குறைந்தபட்சத்தை உச்சத்தில் 30 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதுதான். டிஃப்யூசரில் அட்டையை ஒட்டி வைத்திருக்கும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். குறைந்தபட்சம் என்பது காற்றோட்டத் தேவையிலிருந்து வர வேண்டும். 62.1-இன்படி அலுவலகத்துக்கு ஆளுக்கு வினாடிக்கு 2.5 லிட்டரும், சதுர மீட்டருக்கு 0.3 லிட்டரும் வெளிக்காற்று வேண்டும். 40 சதுர மீட்டரில் நான்கு பேர் என்றால் 10-உம் 12-உம் சேர்ந்து 22 லிட்டர். அந்தத் தரநிலையின் எளிய வழிமுறை, பாக்ஸின் குறைந்தபட்சத்தை இதைப்போல ஒன்றரை மடங்காக வைக்கச் சொல்கிறது. அது 33 லிட்டர். பாக்ஸின் உச்சம் 200 லிட்டர் என்று கொண்டால் இது 17 சதவீதத்துக்குள் அடங்கும், பழைய வழக்கத்தில் ஏறத்தாழப் பாதி. பாக்ஸின் சென்சார் அவ்வளவு குறைந்த காற்றை நம்பகமாக அளக்க முடியாவிட்டால், 15 நிமிடச் சுழற்சியில் சிறிது நேரம் திறந்தும் மீதி நேரம் மூடியும் சராசரியை எட்டும் வழியும் கைட்லைனில் உண்டு. கூட்ட அறைகளுக்கு ஆளறி சென்சாரும் கரியமில வாயு சென்சாரும் வைத்தால் இன்னும் நன்று. ஆனால் அவற்றை முறையாக அளவுத்திருத்தம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் வைக்காமலிருப்பதே மேல்.

ஏ.எச்.யூ.வின் வெளிக்காற்று டேம்பரை '20 சதவீதத் திறப்பு' என்று நிறுத்திவிடும் வழக்கம் இந்தக் கணவாயில் சிறிதும் உதவாது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து கிழக்காகச் சீறி வரும் காற்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஒரு பரப்பில் நேராக மோதினால் அங்கே ஏறத்தாழ 38 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். மேற்குப் பார்த்த லூவரில் (வெளிக்காற்று நுழையும் சாய்பலகைச் சட்டத்தில்) அது தேவைக்கு மேல் ஈரக்காற்றையும், சமயத்தில் மழைச்சாரலையும் உள்ளே தள்ளும். கிழக்குப் பார்த்த லூவரில் அதே நேரம் காற்று போதாமல் போகும். டேம்பர் அதே 20 சதவீதத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். ஆகவே வெளிக்காற்றின் அளவை நேரடியாக அளக்கும் காற்றோட்ட அளவி ஒன்றைப் பொருத்தி, டேம்பர் அந்த அளவைப் பின்தொடரும் வரிசையையே கைட்லைனிலிருந்து தேர்ந்தெடுங்கள். கட்டட அழுத்தச் சென்சார் இருந்தால் அதன் வெளிமுனையைக் காற்று நேராகத் தாக்காத கவசத்துக்குள் வையுங்கள்.

இரவில் கட்டடம் காலியானதும் வெளிக்காற்று டேம்பர் முழுதாக மூட வேண்டும். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் குளிரூட்டும் நேரத்திலும் அது மூடியே இருக்கும். கழிப்பறை எக்ஸாஸ்டை மட்டும் இரவெல்லாம் ஓடவிட்டால் கட்டடம் வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதையும் ஏ.எச்.யூ.வின் நேர அட்டவணையோடு இணைத்துவிடுங்கள்.

குளிர்நீர்ப் பிளான்ட் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தேவை குறையும்போது முதலில் நீரின் வெப்பநிலையை உயர்த்தி, அதற்குப் பிறகே பம்பின் அழுத்தத்தைக் குறைக்கும் வரிசை 2021 பதிப்பிலிருந்து உள்ளது. நீரை ஒரு டிகிரி உயர்த்தினால் சில்லரின் மின்செலவு பொதுவாக 2 முதல் 3 சதவீதம் குறையும். எனினும் 12 டிகிரிக் காற்றைத் தரக் காயிலுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். உயர்த்தும் மேல்வரம்பைக் காயிலின் தேர்வுத் தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

டெண்டரும் சோதனையும்

டெண்டரில் 'கைட்லைன் 36-இன்படி' என்று மட்டும் எழுதினால் பழைய ஒற்றை வரிக்கும் அதற்கும் வேறுபாடில்லை. எந்தப் பதிப்பு, எந்தப் பத்தி எண்கள், எவை நீக்கப்பட்டன, என்ன சேர்க்கப்பட்டது என்பதை எழுதித் திருத்திய முழு உரையையும் இணையுங்கள். செட்பாயின்ட்டுகள், கோரிக்கை எண்ணிக்கைகள், பெருக்கிகள் ஆகிய எல்லாம் பேக்நெட் (கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) வழியாகப் படிக்கவும் மாற்றவும் கூடியவையாகவும், ஐந்து நிமிட இடைவெளியில் குறைந்தது ஓராண்டுக்குச் சேமிக்கப்படுபவையாகவும் இருக்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் அவை புரோகிராமின் உள்ளே புதைந்துவிடும்.

ஏற்புச் சோதனைக்கு லேப்டாப்போடு ஒரு அறையில் உட்கார்ந்து, அதன் குளிரூட்டும் செட்பாயின்ட்டை அறை வெப்பநிலையைவிட 3 டிகிரிக்கும் கூடுதலாகக் கீழே இறக்குங்கள். செட்பாயின்ட் மாறியதும் கோரிக்கைகளை நிறுத்திவைக்கக் கைட்லைன் விதிக்கும் காத்திருப்பு நேரம் முடிந்தபின், அறை இன்னும் 3 டிகிரிக்கு மேல் விலகியே இரண்டு நிமிடம் இருந்தால், அந்த அறையிலிருந்து சப்ளை வெப்பநிலைக்கான மூன்று கோரிக்கைகள் பதிவாக வேண்டும். பிறகு அந்தப் பாக்ஸின் டேம்பரைக் கையால் மூடிவிட்டு, காற்றளவு சுழியமானதும் எந்த அலாரம் எந்த நிலையில் வருகிறது என்று பாருங்கள், ஏ.எச்.யூ.வையே நிறுத்தினால் பாக்ஸ் அலாரங்கள் அடங்கி, ஏ.எச்.யூ.வின் அலாரம் மட்டும் நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் நாற்பது அலாரங்கள் ஒரே நேரத்தில் கத்தினால், ஒரு வாரத்தில் ஆபரேட்டர் எல்லாவற்றையும் அமுக்கப் பழகிவிடுவார்.

வெளிவெப்பநிலையால் இயங்கும் தர்க்கத்தைச் சோதிக்க, சென்சாரின் மதிப்பைத் தற்காலிகமாக 14 டிகிரி என்று மாற்றிக் கொடுத்து, அறைகளிலிருந்து கோரிக்கை இல்லாதபோது செட்பாயின்ட் உயர்வதையும், பனிநிலைப் பூட்டு விழுந்ததும் அது உடனே கீழே திரும்புவதையும் பாருங்கள். இச்சோதனைகளைச் சித்திரையின் உச்ச வெயிலில் ஒருமுறையும், ஆடிக் காற்றில் மீண்டும் ஒருமுறையும் செய்ய ஒப்பந்தத்திலேயே இடம் வையுங்கள். ஒப்பந்ததாரரின் இறுதித் தவணை இரண்டாம் சோதனைக்குப் பிறகே வழங்கப்படட்டும்.